டீசல் புகையும் உத்தரவாதப் பத்திரமும்: ஒரு மோசடியின் வரலாறு

ஆலையடிவேம்பிலும் அதனோடு ஒட்டிய அக்கரைப்பற்றிலும் டீசல் என்பது வாழ்க்கைத் தேவை. வேளாண்மை வெட்டுக் காலத்தில் வயலுக்கு இறங்கும் அறுவடை இயந்திரம், நெல் ஏற்றும் லொறி, மீன் கொண்டு போகும் 'பட்டா', கொழும்புக்கு இரவில் புறப்படும் பஸ், கல்யாண வீட்டுக்கு ஆளேற்றும் வான் எல்லாம் டீசலில்தான் ஓடுகின்றன. ஆகவே, டீசல் கார்களின் புகை பற்றி அமெரிக்காவிலும் ஜேர்மனியிலும் நடந்த பெருவழக்குகளின் கதை நமக்குத் தொடர்பற்றது என்று தள்ளிவிடுவதற்கில்லை. அந்தக் கதையை வரிசைப்படி சொல்லி, அதில் நமக்கான பங்கு எது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சிறிது விஞ்ஞானம். டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி அதற்குள் எரிபொருளைப் பீச்சியடிக்கிறார்கள். வெப்பம் உயர்ந்தால் எரிபொருள் நன்றாக எரியும், கரிப்புகை குறையும், ஆனால் காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகள் பெருகும். வெப்பத்தைக் குறைத்தால் அவை குறையும், கரி கூடும். ஒன்றை அடக்கினால் மற்றொன்று தலைதூக்கும். கரிப்புகை கண்ணுக்குத் தெரியும். நைதரசன் ஒட்சைட்டுகள் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆனால் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டி, ஆஸ்துமா நோயாளிகளைப் படுக்கையில் தள்ளுவதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. இந்த இரண்டையும் சேர்த்து அடக்குவதற்குச் செலவாகும். அந்தச் செலவைத் தவிர்க்க முனைந்ததே மோசடியின் வேர்.

பழைய வழக்கம்

பரிசோதனைக்கு ஒரு முகம், வீதிக்கு இன்னொரு முகம் என்பது 2015இல் கண்டுபிடிக்கப்பட்ட தந்திரம் அல்ல. 1973ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் சிலவற்றில் வெப்பநிலைக்கேற்ப மாசுக்கட்டுப்பாட்டை நிறுத்தும் ஆளிகள் இருந்ததை மறைத்ததற்காக, அடுத்த ஆண்டில் 120,000 டொலர் செலுத்த வொக்ஸ்வாகன் இணங்கியது. 1998இல் கட்டர்பில்லர், கம்மின்ஸ், வொல்வோ உள்ளிட்ட ஏழு கனரக டீசல் என்ஜின் உற்பத்தியாளர்கள் இதே வகைக் குற்றச்சாட்டில் அமெரிக்க அரசுடன் சுமார் நூறு கோடி டொலர் பெறுமதியான இணக்கத்துக்கு வந்தனர். நெடுஞ்சாலையில் ஓடும்போது மாசுக்கட்டுப்பாடு தளரும்படி அந்த என்ஜின்களின் கணினிகள் அமைக்கப்பட்டிருந்தன.

2013இல் மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் சிறிய ஆய்வுக்குழு ஒன்று, தூய போக்குவரத்துக்கான சர்வதேச மன்றத்தின் நிதியுதவியுடன் மூன்று டீசல் கார்களைச் சோதித்தது. அக்குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்ற தமிழர் இருந்தார். சென்னையில் பொறியியல் படித்துவிட்டுச் சென்றவர். பெங்களூரைச் சேர்ந்த ஹேமந்த் கப்பண்ணாவும் இருந்தார். அளவுகருவியைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் கலிபோர்னிய வீதிகளில் ஓடினார்கள். ஒரு காரைச் சியாட்டில் வரை ஓட்டிச் சென்று திரும்பினார்கள். ஜெட்டா கார் அனுமதிக்கப்பட்ட அளவைவிட 15 முதல் 35 மடங்கும், பஸாட் கார் 5 முதல் 20 மடங்கும் நைதரசன் ஒட்சைட்டுகளை வெளியிட்டன. மூன்றாவதான பீ.எம்.டபிள்யூ. பெரும்பாலும் வரம்புக்குள் நின்றது. நேர்மையாகச் செய்ய முடியும் என்பதற்கு அந்த மூன்றாவது காரே சாட்சி.

முதல் திருத்தமே பொய்

இக்கதையில் என்னை அதிகம் உறுத்துவது 2014 டிசெம்பரில் நடந்தது. ஆய்வு முடிவைக் கண்டு கலிபோர்னிய அதிகாரிகள் கேள்வி கேட்டபோது, நிறுவனம் தானாகவே ஏறக்குறைய ஐந்து இலட்சம் கார்களைத் திருப்பியழைத்து மென்பொருளைத் திருத்துவதாக அறிவித்தது. உரிமையாளர்கள் கடிதத்தை நம்பி, வேலையை விட்டுவிட்டு வண்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2015 மே மாதம் அதிகாரிகள் மறுபடி சோதித்தபோது அந்தத் திருத்தம் குறையைத் தீர்க்கவில்லை என்பது தெரிந்தது. செப்டெம்பர் ஆரம்பத்தில் நிறுவனம் உண்மையை ஒப்புக்கொண்டது. செப்டெம்பர் 18ஆம் திகதி அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் உலகறியச் செய்தது. பரிசோதனைச்சாலையில் நிற்கிறோம் என்பதைச் சுக்கானின் அசைவு முதலியவற்றால் உணர்ந்து, அப்போது மட்டும் மாசுக்கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கும் மென்பொருள் அது. உலகெங்கும் சுமார் ஒரு கோடியே பத்து இலட்சம் வண்டிகளில் இருந்தது. ஐந்து நாட்களில் தலைமை நிர்வாகி மார்ட்டின் வின்டர்கோர்ன் பதவி விலகினார்.

அதன் பிறகு எந்த உரிமையாளர்தான் இரண்டாவது கடிதத்தை நம்புவார்?

அமெரிக்கருக்குக் கிடைத்தது

நம்பிக்கை இழந்தவர்களுக்கு வெறும் வாக்குறுதி போதாது என்பதை அமெரிக்க நீதிமன்றம் உணர்ந்திருந்தது. 2016 ஒக்டோபர் 25ஆம் திகதி நீதிபதி சார்ள்ஸ் பிரேயர் அங்கீகரித்த 1470 கோடி டொலர் இணக்கத்தின்படி, இரண்டு லீற்றர் என்ஜின் கொண்ட சுமார் 475,000 கார்களின் உரிமையாளர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மோசடி வெளிப்படுவதற்கு முந்தைய பெறுமதிக்கு வண்டியைத் திருப்பி விற்கலாம். அல்லது அங்கீகரிக்கப்பட்ட திருத்தத்தைச் செய்துகொண்டு வைத்திருக்கலாம். வழக்கமான உரிமையாளருக்கு இதற்கு மேலதிகமாக 5,100 டொலர் முதல் 10,000 டொலர் வரை நட்டஈடு.

திருத்திக்கொண்டவர்களுக்கு நீடித்த உத்தரவாதமும் வழங்கப்பட்டது. வண்டி முதலில் விற்கப்பட்ட நாளிலிருந்து 10 ஆண்டுகள் அல்லது 120,000 மைல். அல்லது திருத்திய நாளிலிருந்து 4 ஆண்டுகள் அல்லது 48,000 மைல். இவ்விரண்டில் எது நீண்டதோ அது. புகை வடிகட்டி, வினையூக்கி, புகை மீள்சுழற்சி முறைமை எனத் திருத்தத்தால் சுமை ஏறக்கூடிய பாகங்கள் அதில் அடங்கின. வண்டி கைமாறினாலும் உத்தரவாதம் வண்டியோடு போகும். திருத்தத்தின் பின் யூரியாக் கரைசல் கூடுதலாகச் செலவாகலாம், என்ஜின் சத்தம் மாறலாம் என்பன போன்ற விடயங்களை உரிமையாளருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டியிருந்தது. பெரும்பாலானோர் விற்றுவிடவே விரும்பினர். 2018 ஆரம்பத்தில் ஏறக்குறைய 300,000 கார்கள் கைவிடப்பட்ட விளையாட்டரங்கிலும் பாலைவன விமானத் திடலிலும் வரிசை வரிசையாக நின்ற புகைப்படங்களை வாசகர்கள் பலர் கண்டிருப்பீர்கள்.

ஐரோப்பாவும் இந்தியாவும்

ஐரோப்பாவில் 85 இலட்சம் வண்டிகள் சம்பந்தப்பட்டிருந்தும் இந்தத் தாராளம் இல்லை. ஒன்று தசம் ஆறு லீற்றர் என்ஜினுக்கு மென்பொருளோடு காற்றோட்டத்தைச் சீராக்கும் சிறு குழாய் ஒன்று. இரண்டு லீற்றருக்கு மென்பொருள் மாத்திரம். திருத்தியபின் புகை மீள்சுழற்சி வால்வு அடைத்துக்கொள்கிறது, இழுவை குறைந்தது, எரிபொருள் கூடக் குடிக்கிறது என்று உரிமையாளர்கள் முறையிட்டார்கள். திருத்தத்தால் பழுது வராது என்று நிறுவனம் சாதித்தது. ஐரோப்பிய ஆணைக்குழுவின் நெருக்குதலின் பின்னர், 2017இல் 'நம்பிக்கை வளர்க்கும் நடவடிக்கை' என்ற பெயரில் 24 மாதங்களுக்கு, 250,000 கிலோமீற்றருக்கு உட்பட்ட வண்டிகளின் 11 பாகங்கள் சம்பந்தமான முறைப்பாடுகளைக் கவனிக்க முன்வந்தது. சட்டப்படியான உத்தரவாதம் என்ற சொல்லைத் தவிர்த்துக்கொண்டது. சொல்லில்தான் எவ்வளவு இருக்கிறது! 2020 மே 25ஆம் திகதி ஜேர்மனியின் அதியுயர் சிவில் நீதிமன்றம், ஓடிய தூரத்துக்கான தொகையைக் கழித்துக்கொண்டு உரிமையாளர் வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் முன்னாள் முகாமையாளர்கள் நால்வர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவர்களில் இருவருக்குச் சிறை.

இந்தியாவில் 2015 டிசெம்பரில் 323,700 கார்களைத் திருப்பியழைப்பதாக அறிவிக்கப்பட்டது. வொக்ஸ்வாகன் 198,500, ஸ்கோடா 88,700, அவுடி 36,500. வீதியில் எடுத்த அளவு பரிசோதனைச்சாலை வரம்பைவிட 1.1 முதல் 2.6 மடங்கு வரை கூடியிருந்ததாக இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் கண்டிருந்தது. அந்நாளில் இந்தியச் சட்டம் வீதிப் பரிசோதனையைக் கோரவில்லை. எனவே சட்டத்தை மீறவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இரண்டு மாதங்களில் உச்ச நீதிமன்றம் அதனை அறவிடும் நடவடிக்கைக்குத் தடை விதித்தது. இந்திய உரிமையாளருக்கு அமெரிக்கரைப் போல ஆயிரக்கணக்கான டொலர் நட்டஈடு கிடைக்கவில்லை. ஒரே தவறு, ஆனால் நட்டஈடு உரிமையாளரின் கடவுச்சீட்டைப் பொறுத்தது.

நம் கரையில்

இலங்கையில் 2008இல் வாகனப் புகைப் பரிசோதனைத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெற முடியாது. டீசல் வண்டியை நிறுத்திவைத்து அக்சிலேட்டரை மிதித்து, புகையின் அடர்த்தியை அளப்பார்கள். மேலே சொன்ன நைதரசன் ஒட்சைட்டுகள் அந்த அளவைக்குள் வருவதில்லை. கரி குறைவாக உள்ள வண்டி சான்றிதழ் பெறும். கண்ணுக்குத் தெரியாத நஞ்சைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அக்கரைப்பற்றில் டீசல் பம்ப் வேலை செய்யும் அனுபவசாலி ஒருவரிடம், "பரிசோதனைக்கு முன் வண்டிகளுக்கு என்ன செய்வீர்கள் காக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "பம்பைக் குறைச்சி உடுவம் சேர். பாஸாகி வந்தாப் பொறகு பழையபடி கூட்டிக் குடுக்கணும். இல்லாட்டி நெல்லு மூட்டையோட லொறி இழுக்காதே" என்றார். பரிசோதனைக்கு ஒரு முகம், வீதிக்கு இன்னொரு முகம். ஜேர்மன் பொறியியலாளர் மென்பொருளால் செய்ததை நம்மவர் திருப்புளியால் செய்கிறார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனமில்லை. ஒருவர் கோடிக்கணக்கான டொலர் இலாபத்துக்காகச் செய்தார். மற்றவர் அன்றாடச் சோற்றுக்காகச் செய்கிறார். ஆனால் வீதியோரத்துப் பாடசாலைப் பிள்ளையின் நெஞ்சுக்கூடு இந்த வேறுபாட்டை அறியாது.

வொக்ஸ்வாகன் நம் ஊரில் அபூர்வம், ஜப்பான் வண்டிகளே அதிகம் என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. 2022 மார்ச்சில் ஹினோ நிறுவனம் தன் என்ஜின்களின் புகை, எரிபொருள் தரவுகளைத் திரித்ததை ஒப்புக்கொண்டது. அது 2003 வரை பின்நோக்கிச் செல்வது அதே ஆண்டு ஓகஸ்டில் தெரியவந்தது. 2024 ஜனவரியில், ஹைஏஸ், ஹைலக்ஸ் முதலியவற்றுக்கான டீசல் என்ஜின்களின் வலுப் பரிசோதனையில், விற்பனைக்கு வரும் வண்டியிலுள்ளதற்கு வேறான மென்பொருள் பயன்படுத்தப்பட்டதை டொயோட்டா குழுமம் அறிவித்தது. அது வலுவைப் பற்றியது, புகையைப் பற்றியதல்ல என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

திருப்பியழைப்புக் கடிதம் பதிவேட்டிலுள்ள உரிமையாளருக்கே போகும். ஜப்பானில் பதிவு நீக்கப்பட்டு, கப்பலேறி, கொழும்பில் கைமாறி, ஆலையடிவேம்புக்கு வந்து சேர்ந்த வானின் உரிமையாளரை யோக்கோஹாமாவிலுள்ள எந்தப் பதிவேடும் அறியாது. நீடித்த உத்தரவாதமும் கடல் கடப்பதில்லை. ஐந்தாண்டுத் தடையின் பின்னர் 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டதால், இக்கேள்வி முன்னிலும் அவசரமானது.

செய்யக்கூடியவை சிலவுண்டு. பழைய வண்டி வாங்குவோர் அதன் சசி இலக்கத்தை உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் சரிபார்த்து, திருத்தம் நிலுவையில் உள்ளதா என அறியலாம். இறக்குமதியாளர் ஒவ்வொரு வண்டிக்கும் அந்தச் சான்றை இணைக்கவேண்டும் என அரசு விதிக்கலாம். புகைப் பரிசோதனையில் நைதரசன் ஒட்சைட்டுகளும் அளக்கப்படலாம். இந்தியா 2023 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு வீதிப் பரிசோதனையைச் சட்டமாக்கிவிட்டது. பின்பெட்டியில் கருவி ஏற்றி ஓடிய சில இளைஞர்களால் தொடங்கிய காரியம் அது. அளந்து பார்க்க ஆளிருந்த இடங்களில்தான் உண்மை வெளிவந்தது. நம் கரையில் அளப்பவர் இன்னும் வரவில்லை.