எச்சரிக்கை யாருக்கு? வங்காள விரிகுடாச் சூறாவளிகளின் சமூக வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

இயற்கை அனர்த்தங்கள் பற்றிய பதிவுகள் பெரும்பாலும் காற்றின் வேகம், வெள்ளத்தின் உயரம், மாண்டோர் தொகை என்பவற்றோடு நின்றுவிடுகின்றன. சூறாவளி எல்லோரையும் ஒருசேரத் தாக்குவது என்னும் எண்ணம் இப்பதிவுகளின் அடியிலே தொழிற்படுகின்றது. ஆனால், ஒரே கடலில் தோன்றிப் பெருவலிமையோடு கரையேறிய சூறாவளிகள் ஒரு காலத்தில் லட்சக்கணக்கானோரையும் பிறிதொரு காலத்தில் சில ஆயிரவரையும் பலிகொண்டிருத்தலைக் காண்கிறோம். இவ்வேறுபாட்டைக் காற்றைக் கொண்டு மாத்திரம் விளக்குதல் இயலாது. எச்சரிக்கை யாருக்காக உருவாக்கப்பட்டது, அதனைக் கேட்டோர் அதன்படி நடக்கக்கூடிய நிலையில் இருந்தனரா என்னும் வினாக்களை எழுப்புதல் அவசியமாகும். வங்காளக் கழிமுகத்தின் வரலாற்றை முதன்மையாகக் கொண்டு, எமது நாட்டின் அனுபவத்தையும் இறுதியில் இணைத்து, இவ்வினாக்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சூறாவளி பற்றிய நவீன அறிவு இப்பிராந்தியத்தில் கப்பல் வணிகத்தின் தேவையிலிருந்து பிறந்தது. கல்கத்தாவிற் பணியாற்றிய ஹென்றி பிடிங்ரன், சுழன்று வீசும் இப்புயலுக்குப் பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாக ‘சைக்ளோன்’ எனப் பெயரிட்டார். 1848 இல் வெளிவந்த அவரது நூல் மாலுமிகளுக்காக எழுதப்பட்டதாகும். மத்லா நதிக்கரையில் அமைக்கப்படவிருந்த துறைமுகம் கடற்பெருக்கால் அழியும் என 1853 இல் அவர் ஆளுநர் நாயகத்துக்கு எழுதினார். அவ்வெச்சரிக்கை புறக்கணிக்கப்பட்டது, கானிங் துறைமுகம் 1867 ஆம் ஆண்டுப் புயலிற் சிதைந்தது. 1864 ஒற்றோபரில் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயலின் பின்னரே துறைமுகத்துக்கான எச்சரிக்கை முறை தொடங்கிற்று. இந்திய வானிலைத் துறை 1875 இல் நிறுவப்பட்டது. துறைமுகக் கம்பத்தில் ஏற்றப்பட்ட சமிக்ஞைகள் கப்பலையும் சரக்கையும் காப்பதற்கென வகுக்கப்பட்டவை. கழிமுகத்தின் வண்டல் தீவுகளில் நெல் விளைவித்த குடியானவன் அச்சமிக்ஞைகளின் கணக்கில் இடம்பெறவில்லை.

இதன் விளைவை 1876 இல் தெளிவாகக் காணலாம். அவ்வாண்டு ஒற்றோபர் இறுதி நாளின் இரவில் பாக்கர்கஞ்ச் பகுதியைக் கடற்பெருக்கு மூடிற்று. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் மூழ்கி இறந்தனர் எனவும், தொடர்ந்து பரவிய வாந்திபேதியும் பஞ்சமும் ஏறத்தாழ அத்தொகையினரையே மாய்த்தன எனவும் மதிப்பிடப்பட்டுள்ளது. உயிர்தப்பியோரைக் காத்தவை மரங்கள். ஊரைச் சுற்றித் தென்னையையும் பனையினத்தையும் அடர்த்தியாக நட்டு வளர்க்கும் வழக்கம் அம்மக்களிடையே இருந்தது. மரமேறியோரே பெரும்பாலும் பிழைத்தனர். அரசின் பாதுகாப்பு எட்டாத இடத்தில், மக்களின் நெடுங்கால வழக்கமே அவர்களின் முன்னேற்பாடாக அமைந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர், 1970 நவெம்பர் 12 ஆந் திகதி இரவில், அதே கழிமுகத்தின் போலாத் தீவையும் அயற் கரைகளையும் தாக்கிய சூறாவளி மூன்று லட்சத்துக்கும் ஐந்து லட்சத்துக்கும் இடைப்பட்ட தொகையினரைப் பலிகொண்டது. தசுமுத்தீன் பகுதியின் குடித்தொகையில் ஏறத்தாழ 45 வீதத்தினர் மாண்டனர். எச்சரிக்கை கிடைக்காமையாலேயே இவ்வழிவு நேர்ந்தது எனக் கூறுதல் பொருந்தாது. பாதிக்கப்பட்ட பகுதியில் 90 வீதத்துக்கு மேற்பட்டோர் புயல் வருவதை அறிந்திருந்தனர் எனவும், ஏறத்தாழ ஒரு வீதத்தினரே உறுதியான கட்டடங்களில் அடைக்கலம் புகுந்தனர் எனவும் பின்னர் நடைபெற்ற ஆய்வு காட்டிற்று. அடைக்கலம் புகுவதற்கு அத்தகைய கட்டடங்கள் எங்கே இருந்தன என்பதே கேட்கவேண்டிய வினாவாகும். அது நெல் அறுவடைக் காலம். கூலிக்கு அரிவு வெட்ட வந்தோர் பலர் தமக்கென ஒரு கூரைதானும் இன்றி அத்தீவுகளில் தங்கியிருந்தனர்.

அந்த இரவின் சான்று பிழைத்தோரின் உடல்களிலேயே எஞ்சியிருந்தது. மரத்தை இறுகத் தழுவி அலைகளோடு போராடியதால் மார்பிலும் கைகளின் உட்புறத்திலும் தொடைகளிலும் தோல் உரிந்த காயங்களை மருத்துவ ஆய்வாளர் பலரிடத்துக் கண்டனர். மரத்தைப் பற்றிக்கொள்ளும் வலுவற்ற சிறுவரும் முதியோரும் பெண்களுமே மிகுதியாக இறந்தனர். 1876 இல் இருந்த அதே பாதுகாப்பே 1970 இலும் இருந்தது என்பதற்கு இதனினும் வலிய ஆதாரம் வேண்டியதில்லை.

மத்திய அரசின் நிவாரணத் தாமதம் கிழக்குப் பாக்கிஸ்தானிலே பெருஞ்சினத்தை எழுப்பிற்று. மௌலானா பாஷானி போன்ற தலைவர்கள் அரசின் புறக்கணிப்பை வெளிப்படையாகக் கண்டித்தனர். 1970 டிசெம்பர்த் தேர்தலில் அவாமி லீக் அம்மாகாணத்துப் பொதுத் தொகுதிகள் 162 இல் 160 ஐக் கைப்பற்றியது. மொழி, பொருளாதாரம், அதிகாரப் பகிர்வு ஆகிய நீண்டகால முரண்பாடுகளே இவ்வெற்றிக்கு அடிப்படையாயினும், தொலைவிலுள்ள அரசு தம் உயிரை எவ்வளவாக மதிக்கின்றது என்பதைப் புயல் மக்களுக்கு உணர்த்திற்று எனலாம்.

பங்களாதேஷ் உருவான பின் 1972 இல் செஞ்சிலுவைச் சங்கங்களின் கழகம் சூறாவளி ஆயத்தத் திட்டத்தை ஆரம்பித்தது. 1973 இல் அரசும் அதிற் பங்காளியாயிற்று. கிராமத்தவரிடையே இருந்தே தொண்டர் தெரிவுசெய்யப்பட்டனர். வானொலிப் பெட்டி, ஒலிபெருக்கிக் குழாய், கைச்சங்கு ஆகியனவே அவர்களின் கருவிகள். ஆயினும், துறைமுகத்துக்கென எழுந்த சமிக்ஞையைக் குடிசை வாசலுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்களே. தலைநகரத்து அறிவிப்பை நம்பாதவனும் தன் அயலவன் வந்து அழைக்கும்போது எழுந்து நடப்பான். இத்திட்டத்தின் வலிமை இவ்வுறவிலே தங்கியிருந்தது.

அறிவிப்பு மாத்திரம் போதாது என்பதை 1991 ஏப்ரல் 29 ஆந் திகதிச் சூறாவளி மீண்டும் உணர்த்திற்று. சிற்றகொங் கரையோரத்தில் ஏறத்தாழ 138,000 பேர் மாண்டனர். பாதிக்கப்பட்ட இடங்களில் நடாத்தப்பட்ட ஆய்வொன்றின்படி, கல்வீடுகளையோ கொங்கிறீற்றுக் கட்டடங்களையோ அடைந்த அனைவரும் பிழைத்தனர். அடையாதோரில் 22 வீதத்தினர் இறந்தனர். 20 வயதுக்கும் 44 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களில் ஆயிரத்துக்கு 71 பேரும் அதே வயது ஆண்களில் 15 பேரும் இறந்தனர் என்னும் கணக்கும் உண்டு. குழந்தைகளை விட்டு அகலமுடியாமை, கணவனின் சொல்லுக்காகக் காத்திருத்தல், அந்நிய ஆடவர் நிறைந்த இடத்திற் புகுவதற்கான தயக்கம், வீட்டுப் பொருளைக் காக்கும் பொறுப்பு ஆகியன பெண்களைத் தடுத்தன. குடும்பத்தினுள்ளே நிலவும் அதிகாரமும் உயிரிழப்பைத் தீர்மானிக்கின்றது என்பதை இது புலப்படுத்துகின்றது.

இதன் பின்னர் அடைக்கலக் கட்டடங்கள் பெருகின. அவற்றுட் பல ஏனைய நாட்களில் பாடசாலைகளாகப் பயன்படுவன. கால்நடைகளை விட்டு வர மறுக்கும் குடியானவருக்காக உயர்ந்த மண்மேடுகளும் உள. மாடு அவனது ஏரும் சேமிப்பும் ஆதலின், அதனைக் காக்காத திட்டம் அவனையும் காக்கமாட்டாது. தொண்டரின் தொகை இன்று 76,000 அளவினதாகும். அவர்களுட் பாதியளவினர் பெண்கள். 2007 நவெம்பரில் வந்த சிட்ர் சூறாவளியில் ஏறத்தாழ 3,400 பேர் இறந்தனர். அது சுந்தரவனக் காடுகளை ஒட்டிக் கரையேறியமையும் இழப்பைக் குறைத்தது என்பதை மறத்தல் ஆகாது. 2020 மேயில் அம்பன் புயலின்போது பெருந்தொற்றுக் காலத்திலும் 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் இடம்பெயர்க்கப்பட்டனர். பங்களாதேஷில் இறந்தோர் சில பத்துப் பேரே. இதே விரிகுடாவின் கிழக்குக் கரையில், 2008 மேயில் நர்கிஸ் சூறாவளி மியன்மாரில் ஏறத்தாழ 138,000 பேரை இறந்தோராகவும் காணாமற் போனோராகவும் ஆக்கியதை இதனோடு ஒப்பிட்டால், அமைப்பின் பெறுமதி விளங்கும்.

எனினும், இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக முடித்தல் தவறாகும். 2009 மேயில் அயிலாப் புயல் அணைக்கரைகளை உடைத்தபோது, உப்புநீர் வயல்களுட் புகுந்து சில இடங்களில் நீண்ட காலம் வடியாதிருந்தது. உயிர் பிழைத்தோர் விளைநிலம் இழந்து நகரங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர். உயிரைக் காக்கும் அமைப்பு உண்டாயிற்று. வாழ்வைக் காக்கும் அமைப்பு இன்னும் முழுமை பெறவில்லை.

இனி, எமது நாட்டை நோக்குவோம். 1978 நவெம்பர் 23 ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தனர். பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ 250,000 வீடுகள் சேதமுற்றன. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந் தோட்டங்களில் ஏறத்தாழ 90 வீதம் அழிந்தது. தென்னை மீண்டும் பலன்தரப் பல ஆண்டுகள் செல்லும். அத்தோட்டங்களில் கூலிவேலை செய்தோரும் கிடுகு பின்னியோரும் கயிறு திரித்தோரும் அவ்வாண்டுகளை எங்ஙனம் கழிப்பர் என்பது நிவாரணக் கணக்கில் அடங்குவதன்று. அனர்த்த முகாமைத்துவத்துக்கெனத் தனியான சட்டம் 2005 இலேயே, அதுவும் 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னரே, நிறைவேறிற்று. 2025 நவெம்பரில் டித்வா சூறாவளி 600 க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, மலைநாட்டின் மண்சரிவுகளே பேரிழப்பை விளைவித்தன. தலைமுறைகளாக உழைத்தும் தமக்கெனக் காணியற்று, லயன் அறைகளில் வாழும் தோட்டத் தொழிலாளர்க்கு ‘பாதுகாப்பான இடத்துக்குச் செல்க’ என்னும் அறிவித்தல் எப்பொருளைத் தரும்? செல்வதற்கு இடமும் திரும்பி வந்து கட்டுவதற்கு நிலமும் அவர்களுக்கு வேண்டும்.

சுருங்கக் கூறின், எச்சரிக்கையின் வரலாறு கப்பலிலிருந்து குடிசைக்கு வந்துசேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்திருக்கின்றது. அது தானாக வந்து சேரவில்லை; பெருந்தொகையான மரணங்களும் மக்களின் சினமும் கிராமத்துத் தொண்டரின் உழைப்புமே அதனைக் கொண்டுவந்தன. காற்றைத் தடுத்தல் எவராலும் ஆகாது. உறுதியான வீடும், காணியுரிமையும், அயலவரின் அமைப்பும், பெண்கள் தாமே முடிவெடுத்து வெளியேறும் சுதந்திரமும் மனிதரால் ஆக்கக்கூடியன. இவை இல்லாத இடத்தில் எவ்வளவு துல்லியமான வானிலை அறிவிப்பும் வரவிருக்கும் மரணத்தை முன்கூட்டி அறிவிப்பதாகவே முடியும்.