மானுக்கு ஆராய்ச்சி மணி இல்லை

எட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை இன்று எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு பழைய கதை.

நான் காரைக்காலில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் எல்லாமே பிரெஞ்சுதான். நரியும் காக்கையும் பேசும் லா ஃபோந்தேன் கதைகளை மனப்பாடமாகச் சொல்லுவேன். மனுநீதிச் சோழனை எனக்குச் சொல்லிக் கொடுத்தது புத்தகம் இல்லை, என் அப்பாயி. எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது திருவாரூருக்கு அழைத்துப் போய், கோயிலுக்கு வெளியே இருக்கும் கல் தேரைக் காட்டினார்கள். இளவரசன் வீதிவிடங்கன் தேரோட்டி வரும்போது துள்ளி ஓடி வந்த கன்று சக்கரத்தில் அகப்பட்டுச் செத்தது. தாய்ப்பசு அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணியை அடித்தது. ராஜா தன் மகனையே தேர்க்காலில் இட்டான். சிலப்பதிகாரத்தில் கண்ணகி சொல்கிறாள், பெரியபுராணத்தில் சேக்கிழார் விரித்துப் பாடுகிறார். இலங்கையின் மகாவம்சமும் எல்லாள மன்னனைப் பற்றி இதே கதையைச் சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள், இது ஒரு சாலை விபத்து வழக்கு. இளவரசன் வேண்டுமென்று ஏற்றவில்லை. ஆனாலும் செத்த உயிருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்கிறது கதை.

ஓய்வு பெற்ற பிறகு என் மனைவியின் ஊரான எம். புதுப்பட்டிக்கே வந்து தங்கிவிட்டோம். என் மாமனார் அந்தக் காலத்தில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு மலையடிவாரம் வரைக்கும் போய் வருவாராம். வண்டிக்கு அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டு வரும், காளைகள் கழுத்தில் மணி கட்டியிருக்கும். "மணிச் சத்தம் கேட்டா மானு, பன்னி எல்லாம் அதுபாட்டுக்கு ஒதுங்கிரும் மாப்பிள்ளை" என்பார். மிருகமும் வண்டியும் ஒரே பாதையில் போய் வந்த காலம்தான் அதுவும். நடையில் போகிற வண்டி யாரையும் கொல்லவில்லை.

இன்றைக்குக் கணக்கு வேறு. 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் தாண்டுகிறது. கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே 20, 25 மீட்டர் போய்விடும். வண்டி நிற்பது அதற்கப்புறம். மானோ வெளிச்சம் முகத்தில் அடித்ததும் ஓடாமல் அப்படியே திகைத்து நின்றுவிடும். ஓடினாலும் எந்தப் பக்கம் ஓடும் என்று அதற்கே தெரியாது.

இனி என் கதை. 2016-ம் வருஷம் கோடை. வத்திராயிருப்பில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு இரவு பத்தரை மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கார் ஓட்டியது என் மனைவியின் தம்பி, நான் பக்கத்தில். கிருஷ்ணன்கோவில் வருவதற்கு முன்னால் ஒரு புள்ளிமான் ரோட்டைத் தாண்டியது. அது போய்விட்டது என்று நிம்மதியாக மூச்சு விட்டோம். மான் தனியாக வராது என்று அப்போது எனக்குத் தெரியாது. பின்னாலேயே வந்தது இரண்டாவது. தடால் என்று ஒரு சத்தம்.

இறங்கிப் பார்த்தோம். பெண் மான். ரோட்டோரத்தில் கிடந்து பின்னங்கால்களை உதைத்துக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. "அத்தான், கெளம்புவோம். ஃபாரஸ்ட்காரங்க வந்தா கேஸாகிப் போகும்" என்றான். அவன் சின்ன வயசுக்காரன், பயந்துவிட்டான். முப்பத்தாறு வருஷம் சர்க்கார் வேலை பார்த்த நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "சரி, எடு வண்டியை" என்றேன்.

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விடிந்ததும் பஸ் பிடித்து அதே இடத்துக்குப் போனேன். மான் இல்லை. தாரில் கறுப்பாக ஒரு கறை, அவ்வளவுதான். யார் எடுத்துப் போனார்கள், எத்தனை நேரம் உயிரோடு கிடந்தது, ஒன்றும் தெரியாது.

பிறகுதான் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். அதன் 39-வது பிரிவின்படி, இறந்து கிடக்கும் வனவிலங்கும், தவறுதலாகக் கொல்லப்பட்ட வனவிலங்கும் அரசாங்கத்தின் சொத்து. வாழ்நாளெல்லாம் ஆபீஸ் மேஜை நாற்காலிக்குக்கூட இருப்புப் பதிவேட்டில் கணக்கு எழுதியவன், ஓர் உயிருள்ள அரசாங்கச் சொத்தைக் கணக்கில் கொண்டுவராமல் விட்டுவிட்டு வந்தேன்.

என்னைப் போல விட்டுவிட்டுப் போகாதவர்களும் இருந்தார்கள். கர்நாடகத்தில் பந்திப்பூர் காட்டு வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலைகளில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி ஓடக் கூடாது என்று 2009-ல் உத்தரவு வந்தது. அது வாபஸ் ஆகி, வழக்காகி, 2010-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. நம் தமிழ்நாட்டில் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் 27 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் திம்பம் மலைப்பாதை இருக்கிறது. அங்கே பத்து வருஷத்துக்குள் 8 சிறுத்தைகள் உட்பட 150-க்கு மேற்பட்ட விலங்குகள் வண்டியில் அடிபட்டுச் செத்தன. ஈரோடு கலெக்டர் 2019-லேயே இரவுத் தடை போட்டும் அது ஏட்டளவில் கிடந்தது. பொதுநல வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2022 பிப்ரவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. மலைமேல் இருக்கும் விவசாயிகள் காய்கறியையும் பாலையும் எப்படிக் கொண்டுபோவது என்று போராடினார்கள். அதுவும் நியாயம்தான். உள்ளூர் ஜனங்களுக்குப் பிறகு தளர்வு கிடைத்தது.

அந்த உயர் நீதிமன்ற வளாகத்தில்தான் மனுநீதிச் சோழன் சிலை நிற்கிறது. பசுவுக்கு மணி அடிக்கத் தெரிந்தது. மானுக்காக ஒரு மனுஷன் மனுப் போட வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்து மலையும் சாதாரணமில்லை. சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் சரணாலயமான ஸ்ரீவில்லிபுத்தூர் காடு, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். கோடையில் தண்ணீர் தேடி மான்கள் அடிவாரத்துத் தோட்டங்களுக்கு இறங்குகின்றன. ரோடுகளோ வருஷா வருஷம் அகலமாகின்றன, வேகம் கூடுகிறது.

அடிவாரத்து ரோட்டில் இரவில் போகிறவர்களுக்கு இந்தக் கிழவன் சொல்வது மூன்றுதான். 40-க்கு மேல் போகாதீர்கள். ஒரு மான் தாண்டினால் வண்டியை நிறுத்தி அடுத்ததற்குக் காத்திருங்கள். அடித்துவிட்டால் ஓடாதீர்கள், பத்திரமான இடத்தில் நின்று, வனத்துறைக்கோ போலீசுக்கோ சொல்லுங்கள், அவர்கள் வரும்வரை இருங்கள். கேஸ் வந்தாலும் ஒருநாள் முடிந்துவிடும். அந்தத் திறந்திருந்த கண் எனக்கு இன்னும் முடியவில்லை.

மைத்துனன் இப்போதும் வத்திராயிருப்புப் பக்கம் போனால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறான். காரணத்தை நானும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை.