கை நல்ல கைதான், எவ்வளவு வைப்பது?

இந்த வருடமும் தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியவில்லை. மாதக் கடைசி, கிளையில் ஆள் இல்லை, ரயிலில் டிக்கெட் இல்லை. வழக்கமான காரணங்கள்தான். இந்தூரில் எங்கள் அபார்ட்மென்டில் தீபாவளி ராத்திரி என்றால் பூஜை முடிந்ததும் மொட்டை மாடியில் ஜமக்காளம் விரித்து 'தீன் பத்தி' ஆரம்பித்துவிடுவார்கள். லட்சுமி வருகிற ராத்திரி, சீட்டைத் தொடாமல் இருந்தால் ஆகாது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. நம் வீடுகளில் கங்கா ஸ்நானம் ஆச்சா என்று கேட்பார்கள், இங்கே எவ்வளவு ஜெயித்தாய் என்று கேட்பார்கள் :-)

நான் வேடிக்கை பார்க்கிற கட்சி. தங்கமணி என்னைச் சீட்டுப் பக்கம் உட்காரவே விடமாட்டார். "தர்மரே தோத்துட்டார், நீங்க எம்மாத்திரம்" என்பார். பதில் சொல்ல முடியாத வாதம்!

அங்கே இரண்டு பேரைக் கவனித்தேன். ஒருவர் கீழ் வீட்டு அங்கிள். சியாகஞ்ச்சில் மொத்த வியாபாரம் செய்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் 500 ரூபாயைப் பத்து ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொண்டு உட்காருவார். தீர்ந்தால் எழுந்து போய்விடுவார். பெரும்பாலும் தீராது. இன்னொருவர் ஐ.டி. கம்பெனிப் பையன். கணக்கில் புலி, யாரிடம் என்ன சீட்டு இருக்கும் என்று அழகாக ஊகிக்கிறான். ஆனால் தோற்கத் தோற்க இரட்டிப்பாக வைக்கிறான். ராத்திரி 12 மணிக்கு 9,000 ரூபாய் காலி.

பையன்தான் அங்கிளைவிட நல்ல ஆட்டக்காரன், சந்தேகமே இல்லை. பிறகு ஏன் இப்படி? இந்தக் கேள்விக்குச் சுமார் 350 வருடச் சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. (சீட்டாடச் சொல்லி எழுதவில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.)

1657ல் ஹாலந்துக்காரரான ஹைகன்ஸ் சூதாட்டக் கணக்குகள் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். சனிக் கிரகத்தின் வளையத்தை வளையம் என்று கண்டு சொன்ன அதே ஹைகன்ஸ்தான். அதன் கடைசிக் கணக்குக்குப் பின்னாளில் 'சூதாடியின் திவால்' என்று பெயர் வந்தது. இரண்டு பேர் ஆடுகிறார்கள், ஒருவர் கையில் இருப்பது முழுக்கத் தீரும்வரை ஆட்டம் நிற்காது. யார் காலியாவார்?

இருவரும் சமமான திறமை என்றால் பதில் எளிது. என்னிடம் 10 ரூபாய், உங்களிடம் 90 ரூபாய் என்றால் நான் காலியாவதற்கு 90 சதவீதம் வாய்ப்பு. ஆட்டம் நியாயமானதுதான், ஆனாலும் பணக்காரன் பக்கம் சாய்ந்திருக்கிறது.

சரி, எனக்குத் திறமை கொஞ்சம் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். 100 ஆட்டத்தில் 51 நான் ஜெயிப்பேன். கையில் ஒரு லட்சம். எதிரில் இருப்பவரிடம் பணத்துக்குப் பஞ்சமே இல்லை. தடவைக்கு 10,000 வைத்து ஆடினால் நான் என்றைக்காவது முழுசாகக் காலியாக 67 சதவீதம் வாய்ப்பு. அதே ஒரு லட்சம், அதே திறமை, தடவைக்கு 1,000 மட்டும் வைத்தால்? 2 சதவீதத்துக்கும் கீழே! எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை, எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தேன். சரிதான். மாறியது திறமையில்லை, அளவு மட்டும்தான்.

இந்த அளவுக்கு ஒரு சூத்திரம் வர 300 வருடம் ஆயிற்று. 1956ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் வேலை பார்த்த ஜான் கெல்லி என்ற ஆராய்ச்சியாளர், தகவல் தொடர்பு பற்றிய கட்டுரை ஒன்றில் அதைச் சொன்னார். சமப் பந்தயத்தில் உன் வெற்றி வாய்ப்பு எவ்வளவு சதவீதமோ, அதிலிருந்து தோல்வி வாய்ப்பைக் கழி. மிச்சம் எத்தனை சதவீதமோ, கையிருப்பில் அவ்வளவுதான் வைக்க வேண்டும். 51க்கு 49 என்றால் 2 சதவீதம். கையிருப்பு குறைந்தால் வைப்பதும் குறைய வேண்டும். (தர்மர் செய்தது நேர் எதிர். தோற்கத் தோற்க ரத்தினம், தேர், நாடு, தம்பிகள், தான், கடைசியில் பாஞ்சாலி என்று ஏற்றிக்கொண்டே போனார்.) இந்த அளவின் இரட்டிப்பைத் தாண்டி வைத்துக்கொண்டே போனால், சாதகமான ஆட்டத்திலும் பணம் கரைந்துவிடும்.

இதை முதலில் சூதாட்ட விடுதியில் செய்து பார்த்தவர் எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர். 1961ல் பிளாக்ஜாக் ஆட நெவாடா போனபோது, பணம் போட வந்தவர்கள் ஒரு லட்சம் டாலர் தரத் தயாராக இருந்தார்கள். அவர் 10,000 போதும் என்றார். தன் கணக்கு நேரில் செல்லுபடியாகிறதா என்று தெரியாமல் பெரிதாக இறங்க மனமில்லை. திரும்பும்போது அந்தப் பணம் இரண்டு மடங்காகியிருந்தது.

இனி போக்கர். நம்மில் பலருக்கு ரம்மிதான் தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 'டெக்சாஸ் ஹோல்டெம்' வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. நான்கு சுற்று பந்தயம். பிடிக்காவிட்டால் சீட்டைப் போட்டுவிடலாம், நம்ம ஊர் 'ஸ்கூட்' மாதிரி. இதிலும் பாதி வித்தை பந்தய அளவுதான். நடுவில் 100 ரூபாய் சேர்ந்திருக்கிறது. கடைசிச் சீட்டு திறக்க வேண்டும். எதிராளிக்கு ஒரே இனத்தில் நாலு சீட்டு சேர்ந்து, ஐந்தாவதுக்காகக் காத்திருக்கிறார். அவருக்குத் தெரியாத 46 சீட்டில் அவருக்கு உதவுவது 9, அதாவது சுமார் 20 சதவீதம். நான் 50 வைத்தால், அவர் 50 போட்டு மொத்தம் 200க்கு ஆடுகிறார். அதற்கு 25 சதவீத வாய்ப்பாவது வேண்டும். இல்லை, ஆகவே அவர் தொடர்வது தப்பு. நான் 10 மட்டும் வைத்தால் 120க்கு 10, அவர் தாராளமாகத் தொடரலாம். சீட்டு ஒன்றுதான், நான் வைத்த தொகை அவருடைய சரியைத் தப்பாக்குகிறது. டாயில் பிரன்சன் 1978லும் டேவிட் ஸ்க்லான்ஸ்கி 1987லும் எழுதிய புத்தகங்களுக்குப் பிறகு இந்த மாதிரிக் கணக்குகள் எல்லோருக்கும் கிடைக்க ஆரம்பித்தன.

ஆனால் நடுவில் இருக்கிற பணத்தை வைத்து அளப்பது ஒன்று, வீட்டில் இருக்கிற பணத்தை வைத்து அளப்பது இன்னொன்று. முதலாவதில் மேதையாக இருந்து இரண்டாவதில் தோற்றவர் ஸ்டூ அங்கர். போக்கர் உலகப் போட்டியின் முதன்மைப் பட்டத்தை 1980, 1981, 1997 என்று மூன்று முறை வென்றவர். கடைசி முறை பரிசு 10 லட்சம் டாலர். சீட்டில் ஜெயித்ததைக் குதிரையிலும் விளையாட்டுப் பந்தயத்திலும் போதைப் பழக்கத்திலும் விட்டார். 1998 நவம்பரில் லாஸ் வேகாஸில் ஒரு மலிவு விடுதி அறையில் 45 வயதில் இறந்து கிடந்தபோது, அவரிடம் இருந்தது சுமார் 800 டாலர்.

அடுத்தவர் எங்கள் ஜாதி, அதாவது வங்கி ஜாதி :-) டெக்சாஸ் மாநிலத்துக்காரர் ஆண்டி பீல், 1988ல் ஆரம்பித்த பீல் வங்கியின் முதலாளி. 2001 முதல் 2006 வரை அவ்வப்போது லாஸ் வேகாஸுக்கு வந்து, உலகின் தலைசிறந்த போக்கர் ஆட்டக்காரர்களை ஒருவருக்கு ஒருவர் ஆடக் கூப்பிட்டார். ஆடியது 'லிமிட்' வகை, அதில் ஒவ்வொரு சுற்றுக்கும் பந்தயத் தொகை முன்கூட்டியே நிர்ணயம். எனவே அளவு பற்றிய முடிவு ஒரே ஒரு இடத்தில்தான், மேசையில் உட்காரும் முன்பு.

பீலுக்குத் தெரியும், எதிரில் இருப்பவர்கள் தன்னைவிடத் திறமைசாலிகள் என்று. அவருடைய ஆயுதம் ஹைகன்ஸ் கணக்கு. தொகையை ஏற்றிக்கொண்டே போனார். 2004ல் ஒரு பந்தயம் ஒரு லட்சம், கடைசி இரண்டு சுற்றுகளில் இரண்டு லட்சம் டாலர் என்ற அளவுக்கு ஆட்டம் போனது. எதிராளியின் 100 வீச்சு கையிருப்பை 10 வீச்சாகச் சுருக்கிவிட்டால், திறமை வேலை செய்ய அவகாசமே இருக்காது அல்லவா?

ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் பொதுவாகச் சேர்த்து, முறை வைத்து ஒருவர் ஆடினார்கள். லாப நஷ்டம் எல்லோருக்கும் பங்கு. எங்கள் பாஷையில் கன்சார்ஷியம்! ஒரு வங்கியால் தாங்க முடியாத பெரிய கடனைப் பல வங்கிகள் சேர்ந்து கொடுப்போமே, அதேதான். 10 வீச்சை மறுபடி 100 வீச்சாக்கிக்கொண்டார்கள். 2006 பிப்ரவரியில் பீல் அவர்களிடம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் ஜெயித்தார். அடுத்த வாரம் திரும்பி வந்து பில் ஐவி என்பவரிடம் மூன்றே நாளில் சுமார் 1 கோடியே 66 லட்சம் தோற்றார். அவருடைய சொத்துக்கு அது பெரிய அடி இல்லை, வீட்டுக்குப் போய் வங்கியைப் பார்த்துக்கொண்டார்.

வங்கியில் அவர் ஆடிய ஆட்டம்தான் எனக்குப் பிடித்தது. 2004 முதல் 2007 வரை அமெரிக்காவில் எல்லோரும் வீட்டுக் கடனை வாரி இறைத்தபோது, ஆபத்துக்குத் தகுந்த வட்டி இல்லை என்று அவர் கடன் கொடுப்பதையும் வாங்குவதையும் கிட்டத்தட்ட நிறுத்தினார். வங்கி சுருங்கியது, ஆட்களைக் குறைத்தார். 2008ல் எல்லாம் சரிந்தபோது மற்றவர்களின் கடன்களை மலிவு விலைக்கு அள்ளினார். ஸ்கூட் என்பதும் ஒரு பந்தய அளவுதான், பூஜ்யம்.

நம் ரிசர்வ் வங்கியும் இதையே விதியாக வைத்திருக்கிறது. 2019 ஏப்ரல் முதல், தனி ஒரு கடனாளிக்கு ஒரு வங்கி தன் முதல்நிலை மூலதனத்தில் பொதுவாக 20 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. கம்பெனி எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும் அதேதான். நல்ல கம்பெனியா என்று பார்ப்பது ஒரு மேசை, எவ்வளவு என்று பார்ப்பது வேறு மேசை.

நம் நாட்டில் சீட்டு பற்றிய வழக்குகள் எல்லாம் திறமையா அதிர்ஷ்டமா என்பதிலேயே சுற்றின. ரம்மியில் திறமைதான் பிரதானம் என்று சுப்ரீம் கோர்ட் 1967ல் சொன்னது. தமிழ்நாடு 2022ல் கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்று 2023ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும் அதே அடிப்படையில்தான். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் அந்தப் பாகுபாட்டையே விட்டுவிட்டு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடை செய்தது. கோர்ட்டுக்கு அந்தக் கேள்வி முக்கியம்தான். ஆனால் திறமை இருந்தும் 67 சதவீதம் காலியாகலாம் என்று மேலே பார்த்தோமே. குடும்பத்துக்கு முக்கியமான கேள்வி 'எவ்வளவு' என்பது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000ஐத் தாண்டியபோது எனக்கு 27 வயது, வங்கியில் சேர்ந்து மூன்று வருடம். தங்கை கல்யாணத்துக்காக அப்பா சேர்த்த 4 லட்சத்தை ஃபிக்சட் டெபாசிட்டில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார். நான் பி.காம்., பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்தவன். ஐந்து நல்ல கம்பெனிகளாகப் பார்த்து முழுவதையும் ஷேரில் போட்டேன். அக்டோபரில் சென்செக்ஸ் 9,000க்கும் கீழே. கல்யாணம் 2009 பிப்ரவரியில் நிச்சயமாகியிருந்தது. ஜனவரியில் விற்றபோது கைக்கு வந்தது 1,70,000.

கோவில்பட்டி பைபாஸ் பக்கம் இருந்த 10 சென்ட் இடத்தை அப்பா விற்றார். என்னைத் திட்டவில்லை. நான்தான் தாங்காமல், "நல்ல ஷேருதாம்ப்பா, கொஞ்ச நாள் இருந்தா ஏறிரும்" என்றேன். அப்பா சொன்னார்: "ஷேரு நல்ல ஷேராத்தாம்ல இருக்கும். நம்ம துட்டுதான் சின்னத் துட்டு."

நான் சொன்னதும் பொய்யில்லை. 2010 தீபாவளி அன்று சென்செக்ஸ் மறுபடி 21,000க்கு மேல் முடிந்தது. கை நல்ல கைதான். அதுவரை உட்கார்ந்திருக்க எங்களிடம் வேறு பணம் இல்லை, அவ்வளவுதான். ஹைகன்ஸ் கணக்கை நான் படித்தது அதற்கும் பல வருடம் கழித்து. படித்து முடித்ததும் அப்பாவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை, மழை பெய்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஊருக்குப் போகும்போது பஸ் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகும். இப்போது அங்கே ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது.

இந்தத் தீபாவளி ராத்திரி அந்தப் பையன் மாடியிலிருந்து இறங்கும்போது, "அங்கிள், என் கை நல்ல கைதானே?" என்று இந்தியில் கேட்டான். ஆமாம் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, ஒரு எக்ஸெல் ஷீட் காட்டுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். தங்கமணி இட்லிக்கு ஊறப்போடுகிறேன் என்றிருக்கிறார்.