மனையோடு கடல் கடந்தோர்

பொருள்வயிற் பிரிவு தமிழ்க் கவிதைக்குப் புதிதன்று. தலைவன் பொருள் தேடிப் பிரிவான். தலைவி இல்லிலிருந்து ஆற்றியிருப்பாள். மகளிரை உடன்கொண்டு கடல் கடத்தல் மரபன்று எனத் தொல்காப்பிய அகத்திணையியல் வரையறுத்தது. அவ்வரையறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வறுமை உடைத்தெறிந்தது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளின் நிலமற்ற உழவர்கள் மனைவி மக்களோடு இலங்கையின் மலைநாட்டுக்குப் புறப்பட்டனர்.

தொடக்கத்தில் அவ்வாறு இல்லை. 1830களில் பெருகத் தொடங்கிய காப்பித் தோட்டங்களுக்கு அறுவடைக் காலத்தில்தான் மிகுதியான ஆட்கள் வேண்டியிருந்தனர். ஆகவே பெரும்பாலும் ஆடவரே சென்றனர். பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, காட்டு வழியே மாத்தளை வரை நடந்த அப்பாதையில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் எண்ணற்றோர். அவர்களுக்கு நடுகல் எடுப்பார் யாருமில்லை.

1869இல் காப்பிச் செடியை இலைத்துரு நோய் பற்றியது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பி அழிந்த இடத்தைத் தேயிலை நிரப்பிற்று. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. கொழுந்து பறிக்கப் பெண்களின் கைகள் தேவைப்பட்டன. தனி ஆள் போதாது, குடும்பமே வேண்டும் என்ற நிலை இவ்வாறு பிறந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சம் குடும்பங்களைத் தோட்டங்களை நோக்கி மேலும் உந்தியது.

அழைத்துச் சென்றவர் கங்காணி. பெரும்பாலும் அவர் உறவினர் அல்லது ஊரார். அதனாலேயே அவர் சொல் நம்பப்பட்டது. வழிச்செலவும் முன்பணமும் குடும்பத்தின் பெயரில் கடனாக ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமாயின், அக்கடன் தொகையைக் குறித்த 'துண்டு' வேண்டும். புதிய தோட்டத்தார் கடனைச் செலுத்தினால் குடும்பம் இடம் மாறும். கடன் மட்டும் மாறாது. இம்முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை, வளமான வாழ்வு தேடி வந்தோர் கடனையே குடும்பச் சொத்தாகப் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றனர்.

விடியுமுன் பெரட்டு, பின் மலைச்சரிவில் கொழுந்துக் கூடை, குழந்தை பிள்ளைக் காம்பராவில், இரவில் லயத்தின் ஒற்றை அறை. அவ்வறையிலேயே பிறப்பும் இறப்பும் மணமும் நிகழ்ந்தன. தாலாட்டும் ஒப்பாரியும் அங்கே புதிய சொற்களைப் பெற்றன. கங்காணியும் துரையும் கொழுந்தும் நாட்டுப்பாடலுள் புகுந்தனர். எழுத்தறியாத அப்பெண்கள் பாடியவற்றைப் பின்னாளில் தேடித் தொகுத்தவர் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்றவரும் அவரே.

மறு ஆண்டே நிலைமை தலைகீழாயிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தோர் பலரிடம் ஏடு ஏது? கடனுக்குத் துண்டு எழுதிய தோட்டம் பிறப்புக்குச் சீட்டு எழுதவில்லை. பல இலட்சம் மக்கள் நாடற்றோராயினர்.

1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. எண்கள் வகுபட்டன, அவற்றோடு குடும்பங்களும் வகுபட்டன. பெற்றோர்க்கு ஒரு நாடும் மகனுக்கு மற்றொரு நாடும் வாய்த்த இல்லங்கள் பல. அக்கா கப்பலேற, தங்கை தலைமன்னாரில் நின்றாள். பஞ்சம் பிரிக்காத குடும்பத்தை ஒப்பந்தம் பிரித்தது. இப்பிரிவுக்குப் பாலைத்திணையில் துறை இல்லை; பருவம் குறித்துத் திரும்புவேன் என்று சொல்லிச் செல்ல எவராலும் இயலவில்லை.

திரும்பியோரில் ஒரு பகுதியினர்க்கு, 1968இல் தமிழக அரசு தொடங்கிய நீலகிரித் தேயிலைத் தோட்டங்கள் வேலை தந்தன. மீண்டும் அதே செடி, அதே கூடை. இலங்கையில் 'இந்தியத் தமிழர்' எனப்பட்டோர் தாயகத்தில் 'சிலோன்காரர்' ஆயினர். 1984இல் கப்பல் போக்குவரத்தும் நின்றபோது இரு கரைக்கும் இடையே கடிதமே உறவாயிற்று.

இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கிற்று. 2023இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியிலேயே நினைவு நடை நடந்தனர். சுமக்கக் கூடையின்றி, கையில் துண்டின்றி, அந்நாட்டுக் குடிகளாக அவர்கள் நடந்தனர். காட்டில் மாண்ட பெயரறியா மூதாதையர்க்கு அந்நடையே நடுகல் ஆயிற்று.