பழுது கசெற்றிலா, பெட்டியிலா? டிஜிற்றல் ஒலியின் இழப்பைச் சோதித்தறிதல்

முள்ளியவளையில் ஒரு வீட்டில் பாதுகாத்து வைத்திருந்த கசெற் ஒன்றைக் கடந்த வருடம் கணினிக்கு மாற்றிக் கொடுத்தேன். தொண்ணூறுகளில் பதிவான கோவலன் கூத்துப் பாடல்கள். பாடியவர் அந்த வீட்டு அம்மாவின் கணவர். இப்போது உயிரோடு இல்லை. 2009 இல் உடுப்புப் பையோடு முள்ளிவாய்க்கால் வரை போய், பிறகு செட்டிகுளம் முகாமுக்கும் வந்து சேர்ந்த கசெற் அது.

பாடல்களைப் பென்ட்ரைவில் கொடுத்து இரண்டு வாரத்தில் அம்மா தொலைபேசி எடுத்தார். “தம்பி, பாட்டு வருது. ஆனா மத்தளம் மூடிக்கொண்டு அடிக்கிற மாதிரிக் கேக்குது. கசெற்றில இப்பிடி இல்லை.”

கசெற்றை மறுபடி ஓடவிட்டு மாற்றலாம் என்பதுதான் உடனே தோன்றும் தீர்வு. ஆனால் முதல் தடவையே நாடாவிலிருந்து மண்ணிறத் தூள் உதிர்ந்து கருவியின் தலையில் படிந்திருந்தது. அந்தத் தூள்தான் ஒலி. இன்னொரு தடவை ஓடவிட்டால் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியாது. ஆகவே நாடாவைத் தொடுவதற்கு முன், பழுது வேறெங்காவது இருக்கிறதா என்று பார்க்க முடிவெடுத்தேன்.

கோப்பு அப்படியே இருக்கிறதா?

முதலில் பென்ட்ரைவில் இருந்த கோப்பைச் சோதித்தேன். ஒரு கோப்பின் எல்லா எண்களையும் கணக்கிட்டு ஒரு சிறு குறியீடாகத் தரும் முறைகளில் எம்டி5 ஒன்று. இரண்டு பிரதிகளுக்கும் குறியீடு ஒன்றாக வந்தால் அவற்றுக்கிடையே வித்தியாசம் இல்லை. என் கணினியில் இருந்ததும் பென்ட்ரைவில் இருந்ததும் ஒன்றாகவே வந்தன. கோப்பு குறைபடவில்லை.

எம்பி3 ஆக மாற்றியிருந்தால் கதை வேறு. குறுந்தட்டுத் தரத்தில் ஒரு செக்கனுக்கு 1,411 கிலோபிட் தரவு உண்டு. 128 கிலோபிட் எம்பி3 அதில் பதினொன்றில் ஒரு பங்கை மட்டுமே வைத்திருக்கும். எறிந்த பங்கைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அதனால்தான் நான் வேவ் கோப்பாகக் கொடுத்திருந்தேன். இடம் போதாதென்றால் ஃபிளாக் நல்லது. அளவைச் சுருக்கினாலும் ஓர் எண்ணையும் இழக்காது.

பெட்டி அப்படியே வெளியே விடுகிறதா?

அடுத்த சந்தேகம் பாட்டை ஒலிக்கவிட்ட பெட்டியில். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய சிறிய அன்ரோயிட் பெட்டி அது, தொலைக்காட்சியோடு பொருத்தியிருந்தார்கள். அதன் பின்புறம் ஒப்டிக்கல் வெளியீடு இருந்தது. அதிலிருந்து ஒலி இன்னும் எண்களாகவே வெளியேறுவதால் சோதனைக்கு வசதி. ஒப்டிக்கல் உள்ளீடுள்ள பதிவுக் கருவியொன்றை நண்பரிடம் இரவல் வாங்கி, பெட்டியின் கடிகாரத்தையே அது பின்பற்றும்படி அமைத்தேன்.

பாட்டைப் போட்டதுமே ஒரு விடை கிடைத்தது. என் கோப்பில் ஒரு செக்கனுக்கு 44,100 மாதிரிகள். வந்து சேர்ந்ததோ 48,000. பெட்டி பாட்டை உள்ளே மறுகணிப்புச் செய்துதான் வெளியே விடுகிறது. பல அன்ரோயிட் கருவிகளின் இயல்பு இது. யூஎஸ்பி வழியாக எண்களை மாற்றாமல் அனுப்பும் வசதி 2023 இல் வந்த அன்ரோயிட் 14 இல்தான் சேர்ந்தது.

ஆனால் இந்த மறுகணிப்பு மட்டும் மத்தளத்தை மூடாது. எனவே அதே பாட்டை 48,000 மாதிரிகளுக்கு நானே மாற்றி, தொடக்கத்தில் ஒரு ‘டிக்’ ஒலியைச் சேர்த்து, மறுபடி பெட்டியில் ஒலிக்கவிட்டுப் பதிந்தேன். பிறகு இரண்டையும் ஓடாசிட்டியில் திறந்து, ‘டிக்’ ஒலியை வைத்து ஒரு மாதிரிகூடப் பிசகாமல் நேராக்கி, ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினேன். இரண்டும் ஒன்றென்றால் மிஞ்சுவது முழு மௌனம். மிஞ்சும் ஒலி எதுவோ அதுதான் பெட்டி செய்த மாற்றம்.

மிஞ்சியது அடித்தொனியின் உறுமல். பெட்டியின் அமைப்பில் தேடினால், ஈக்குவலைசர் ‘பேஸ்’ நிலையில் இருந்தது. அதை நிறுத்தினேன். இப்போது முழுப்பாட்டும் மெலிதாக மிஞ்சியது. ஒலியளவு முழுமையாக இல்லாததன் அடையாளம். பெட்டியில் அளவைக் குறைத்தாலே எண்கள் மாறிவிடும். முழுவதும் கூட்டிவிட்டுத் திரும்பவும் கழித்தேன். பூச்சியம்.

அம்மாவின் காது பிழைக்கவில்லை. பேஸ் மூடிய மத்தளத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார். மறுகணிப்பை அவராலும் கேட்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை; சோதனை இரண்டையும் காட்டியது. வீட்டில் கேட்பதற்கு அந்த மறுகணிப்பு ஒரு பொருட்டல்ல. ஆனால் அந்தப் பெட்டியின் வெளியீட்டிலிருந்து இன்னொரு பிரதி எடுத்து அதையே மூலமாக வைக்கக் கூடாது.

செய்து பார்ப்பவர்களுக்கு

ஓடாசிட்டியிலிருந்து ஏற்றுமதி செய்யும்போது ‘டிதர்’ என்ற அமைப்பை நிறுத்துங்கள். அது சிறு இரைச்சலைச் சேர்ப்பதால், நல்ல பெட்டியும் பழுதென்று காட்டும்.

வீட்டில் டிடிஎஸ் வாசிக்கும் அம்ப்ளிஃபையர் இருந்தால் வழி இன்னும் சுலபம். டிடிஎஸ் ஒலியை வேவ் உறைக்குள் வைத்த கோப்பை ஒலிக்கவிடுங்கள். எண்கள் மாறாமல் வந்தால் அம்ப்ளிஃபையர் டிடிஎஸ் என்று காட்டி ஒலிக்கும். மாறியிருந்தால் வெறும் இரைச்சல்தான் வரும். முதலில் அம்ப்ளிஃபையரின் ஒலியைக் குறைத்துவிடுங்கள்.

புளூடூத் ஸ்பீக்கரை இந்தச் சோதனைக்கு எடுக்கவே வேண்டாம். வழமையான புளூடூத் ஒலி இழப்போடுதான் போகிறது.

பாதுகாப்புப் பிரதி எடுப்பவர்கள் குறுந்தட்டுத் தரத்தோடு நிற்கக் கூடாது. ஒலி ஆவணகங்களின் சர்வதேசச் சங்கம் குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்று பரிந்துரைக்கிறது. ஈழத்தமிழ் ஆவணங்களை 2005 இலிருந்து எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனம் போன்ற இடங்களுக்கும் ஒரு பிரதி போவது நல்லது. ஒரே வீட்டில் ஒரே பென்ட்ரைவ் என்பது பாதுகாப்பல்ல.

பேஸை நிறுத்திவிட்டு அம்மாவுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். மத்தளம் திறந்தது. இடையில் குரல் இழுபட்டுத் தளம்பியது. அதையும் சரியாக்கவா என்று கேட்டேன்.

“அது பழுதில்லைத் தம்பி. பற்றறி வராத காலம். சைக்கிள் டைனமோவிலதான் றெக்கோட் பண்ணினது. மிதிச்ச பெடியன் களைச்சுப்போனான்.”

அந்தத் தளம்பலும் ஓர் எண்ணும் மாறாமல் கோப்பில் இருக்கிறது. கசெற்றை மறுபடி ஓடவிடத் தேவைப்படவில்லை.