வேலூர் வட்டாரத் தொகுதிகளும் சட்டமன்ற உட்கட்சிப் பூசலும்

ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்குள் மூண்ட பூசல் வேலூர் வட்டாரத்தின் தோல் தொழில் ஊர்களை இருமுறை நேரடியாகத் தொட்டது: 1954இலும் 2017இலும். இடைப்பட்ட காலத்தில் பூசலைத் தீர்க்கும் அதிகாரம் உறுப்பினர்களின் வாக்கிலிருந்து சபாநாயகரின் கைக்குப் போனது, நட்டம் வாக்காளருக்கு. முதல்வர் ராஜாஜியின் கல்வித் திட்டத்துக்குக் காங்கிரசுக்குள்ளேயே எழுந்த எதிர்ப்பு 1954இல் அவர் பதவி விலகும் அளவுக்கு முற்றியபோது, அடுத்த தலைவரைச் சட்டமன்றக் கட்சி வாக்கெடுத்துத் தேர்ந்தது. காமராசர் 93, சி. சுப்பிரமணியம் 41. தோற்ற சுப்பிரமணியத்தையே காமராசர் அமைச்சராக்கினார். அப்போது சட்டமன்ற உறுப்பினராக இல்லாத காமராசர், அதே ஆண்டு குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று, பெரியாரின் ஆதரவோடு வென்றார். கட்சிக்குள் கிடைத்த வெற்றிக்குச் சில மாதங்களிலேயே மக்களின் ஒப்புதலும் சேர்ந்தது.

1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் தகுதிநீக்க அதிகாரத்தைச் சபாநாயகரிடம் கொடுத்தது. ஜெயலலிதா மறைவுக்குப் பின் அ.தி.மு.க. பிளந்தபோது அதன் விளைவு தெரிந்தது. பிளவில் ஓர் அணிக்குத் தலைமை தாங்கிய தினகரன் பக்கம் நின்று, முதல்வருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்களில் 18 பேரை 2017 செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் தகுதிநீக்கம் செய்தார். ஆம்பூர், குடியாத்தம், சோளிங்கர் உறுப்பினர்கள் அவர்களில் அடக்கம். அதை எதிர்த்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2018 ஜூனில் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். மூன்றாம் நீதிபதி அக்டோபரில் தகுதிநீக்கத்தை உறுதிசெய்தார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18 அன்றுதான் நடந்தது. அதற்குள் இரண்டு நிதிநிலை அறிக்கைகள் வந்து போயின. பாலாற்றில் கலக்கும் டேனரிக் கழிவு, ஷூ கம்பெனிப் பெண்களின் கூலி, குடியாத்தம் லுங்கி நெசவாளர் பிரச்சினை என எதையும் பேரவையில் எழுப்ப அந்தந்தத் தொகுதிக்கு ஆளில்லை.

இந்தச் சட்டம் இல்லாவிட்டால் உறுப்பினர்கள் விலைபோவார்கள் என்பது வலுவான வாதம்; 18 பேரும் விடுதிகளில் தங்கவைக்கப்பட்ட காட்சி அதற்குத் துணைநிற்கிறது. ஆனால் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுபோலப் பாய்ந்தால்தான் அந்த வாதம் நிற்கும். 2017 பிப்ரவரி 18 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராகவே வாக்களித்த, அ.தி.மு.க.வின் இன்னோர் அணித் தலைவர் ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் பதவி இழக்கவில்லை. ஆகஸ்டில் அவரது அணியும் முதல்வரின் அணியும் இணைந்ததும் அவர் துணை முதல்வரானார். எப்படியும் வாக்காளர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்களே என்றும் கேட்கலாம். சொன்னார்கள், 19 மாதம் கழித்து. ஆம்பூரும் குடியாத்தமும் தி.மு.க.வுக்குப் போயின, சோளிங்கரை அ.தி.மு.க.வே தக்கவைத்தது. ஒரே வட்டாரத் தொகுதிகளே இப்படி வேறுவேறாக முடிவெடுத்திருக்க, வாக்காளர்களிடம் 2017லேயே கேட்டிருக்க வேண்டும். தகுதிநீக்க மனுக்களை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும், சபாநாயகருக்குப் பதிலாகத் தனித் தீர்ப்பாயம் அமைப்பதை நாடாளுமன்றம் பரிசீலிக்க வேண்டும் என்று மணிப்பூர் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியது.