முதற்சூலும் பதிவேடும்: சென்னையின் மேற்குப் புறநகர் நோக்கிய ஒரு வரலாற்றாய்வு

தோற்றுவாய்

பிறந்த குழந்தையின் பருவங்களை வகுத்துப் பாடுதற்குப் பிள்ளைத்தமிழ் என்னும் தனி இலக்கிய வகையே தமிழில் உண்டு. எனினும், அவ்விலக்கியம் குழந்தையின் மூன்றாந் திங்களிற் காப்புப் பருவத்தோடு தொடங்குவது. பிறப்பிற்கு முற்பட்ட திங்கள்கள், அவற்றுள்ளும் முதன்முறை சூலுற்ற மகளும் அவள் கணவனும் அச்செய்தியை அறிந்துகொள்ளும் தொடக்க வாரங்கள், எவ்வாறு எண்ணப்பட்டன? வீட்டின் மறைவிலிருந்து அவை எப்பொழுது மருத்துவமனைப் பதிவேட்டிற்கு வந்தன? இவ்விரு வினாக்களையும் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய மேற்குப் புறநகர்ப் பகுதியை நோக்கி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியமும் வழக்கும்

‘வயா’ என்னும் சொல்லுக்கு வேட்கையின் பெருக்கம் என்று தொல்காப்பிய உரியியல் பொருள் கூறும். சூலுற்ற மகளிர்க்கு உண்டாகும் வேட்கையை இச்சொல்லாற் குறித்தல் பழைய வழக்கு. இன்று மக்கள் ‘மசக்கை’ என்பர். தொண்டை நாட்டுக் கச்சிப்பேட்டைச் சார்ந்த நன்னாகையார் குறுந்தொகை 287ஆம் பாட்டில், நீர் முகந்து கனத்து மலையை நோக்கி எழும் மேகத்திற்குப் புளிச்சுவையை அவாவும் நிறைசூல் மகளிரை உவமை ஆக்கினார். மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலிற் கருவானது ஒவ்வொரு திங்களிலும் எய்தும் இடர்களை முறையே அடுக்கினார். திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்திற் கர்ப்பக் கிரியை என்றே ஒரு பகுதி அமைந்துள்ளது.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். நன்னாகையார் பாட்டில் தாயின் தளர்ச்சி உவமையாக நிற்கிறது. அருள்நூல்களில் உயிரின் பிறவித் துன்பம் பொருளாக நிற்கிறது. முதன்முறை பெற்றோர் ஆகவிருக்கும் இருவர் அத்திங்கள்களை எங்ஙனம் கழித்தனர் என்பதைக் கூறுதல் அந்நூல்களின் நோக்கம் அன்று. அதனை நாம் பேச்சு வழக்கிலேயே தேடுதல் வேண்டும்.

‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பது சூலுற்றமையை உணர்த்தும் நாட்டு வழக்கு. மாதவிலக்கு நீங்கி நீராடும் நாள் தவறியது என்பதே அதன் பொருள். ஆகவே, நம் மூதாட்டியரின் கணக்கு தவறிய விலக்கிலிருந்து தொடங்குவதாகும். செர்மானிய மருத்துவர் நேகலே பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பரப்பிய விதியும் இறுதி விலக்கின் முதல் நாளையே தொடக்கமாகக் கொண்டு 280 நாள் எண்ணுவது. இருபத்தெட்டு நாளை ஒரு திங்களாகக் கொள்ளின் 280 நாள் சரியாகப் பத்துத் திங்கள் ஆகும். ‘பத்து மாதம் சுமந்து பெற்றாள்’ என்னும் வழக்கு வெற்று மிகைக் கூற்று அன்று என்பது இதனால் தெளிவு.

மருத்துவமனையின் வருகை

சென்னையில் மகப்பேற்று மருத்துவமனை 1844இல் தோன்றியது. எழும்பூர் அரசினர் தாய் சேய் மருத்துவமனை அதன் வழி வந்ததே. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இற் சேர்ந்து பயின்ற மேரி ஷார்லீப் அம்மையார், பின்னர் இலண்டனிலும் பட்டம் பெற்று மீண்டு, பிற ஆடவர் முன் வாராத மகளிர்க்கென 1885இல் ஒரு மருத்துவமனை நிறுவக் காரணராயினார். திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுவே. புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். எழும்பூர் மருத்துவமனையின் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் ஆர்க்காடு இலட்சுமணசுவாமி முதலியார் ஆவர்.

எனினும், இம்மருத்துவமனைகள் எழுந்தது முதன்மையாகப் பேற்றுக் காலத்தின் பொருட்டே. பேற்றிற்கு முன்னர்த் தாயைத் தொடர்ந்து காணும் முறை மேலைநாட்டிலும் இருபதாம் நூற்றாண்டிலேதான் வேரூன்றியது. எடின்பரோவிற் பாலன்டைன் என்பார் 1901இல் அதற்கு வித்திட்டார். பிரித்தானிய அரசு 1929இல் வகுத்த அட்டவணை, முதற் பார்வையைப் பதினாறாம் வாரத்தில் வைத்தது. ஆகவே, அவ்வட்டவணையிலும் முதன் மூன்று திங்கள்கள் வெற்றிடமாகவே இருந்தன என்க. ‘மூன்று மாதம் கழியும்வரை வெளியே சொல்லாதே’ என்னும் நம் வீட்டு வழக்கும் அவ்வட்டவணையும் ஏறத்தாழ ஒரே எல்லையில் நின்றன.

அவ்வெல்லையை முன்னே நகர்த்திய ஆராய்ச்சியிற் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில அம்மையார் பம்பாயிலும் குன்னூரிலும் சூலுற்ற மகளிரின் சோகை நோயை ஆய்ந்தவர். 1931இல் மேற்கூறிய திருவல்லிக்கேணி மருத்துவமனையிலும் பணியாற்றினார். ஈஸ்ட் சாற்றினால் அச்சோகையைத் தீர்க்கலாம் என அவர் கண்டார். அதிலுள்ள பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. கருவின் முதுகுத்தண்டுக் குறைபாட்டை அது பெரிதும் தடுக்கும் என்பது 1991இல் வெளியான ஆய்வினால் நிறுவப்பட்டது. மூளையும் தண்டும் ஆகவிருக்கும் நரம்புக் குழல், கருவுற்ற ஏறத்தாழ இருபத்தெட்டாம் நாளிலேயே மூடிவிடும். விலக்குத் தவறி இரண்டு வாரம் கழிவதற்குள் இது முடிந்து விடுகிறது. மூன்று திங்கள் காத்திருந்து மருத்துவரைக் காணும் மகளுக்கு அந்த மாத்திரை அத்துறையிற் பயன்படாது. கருவுறுமுன்னரே அதனைத் தொடங்குக என மருத்துவர் வற்புறுத்துதற்குக் காரணம் இதுவே.

புறநகரில் நேர்ந்த மாற்றம்

சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இல் தாய் சேய் நலத்தை உள்ளாட்சி மன்றங்களின் கடமையாக்கியது. ஆலைப் பெண்டிர்க்குப் பேற்றுக்காலப் பயன் அளிக்கும் மாகாணச் சட்டம் அதற்கு முன்னரே, 1934இல், பிறந்திருந்தது. இவற்றின் முழுப் பொருள் மேற்குப் புறநகரில் 1960களிலேதான் விளங்கலாயிற்று. ஆவடியில் 1961இற் கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்தது. அம்பத்தூரிலோ அப்பத்தாண்டிலேயே தொழிற்பேட்டை அமைந்தது. பல மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் இங்கே குடியேறினர். 1961ஆம் ஆண்டின் பேற்றுக்காலப் பயன் சட்டம் பன்னிரண்டு வார விடுப்பு அளித்தது. 2017இல் முதலிரு பேற்றிற்கு அது இருபத்தாறு வாரம் ஆயிற்று.

ஊரை விட்டு வந்து தனிக்குடித்தனம் நடத்தும் இளம் இணையர்க்கு, நாள் எண்ணிச் சொல்ல மூதாட்டி அருகில் இல்லை. அவ்விடத்தைச் செவிலியரும் ஆரம்பச் சுகாதார நிலையமும் நிரப்பலாயினர் எனக் கருதுவது பொருந்தும். பூவிருந்தவல்லியிலுள்ள பொதுச் சுகாதார நிறுவனம் சுகாதாரப் பணியாளர்க்குப் பயிற்சி அளித்து வருதலும் ஈண்டு நினைக்கத் தக்கது.

தலைப்பேறு தாய்வீட்டில் என்னும் வழக்கு ஒரு சிக்கலை உண்டாக்கிற்று. அம்பத்தூரில் ஆறு திங்கள் மருத்துவரைக் கண்ட மகள், வளைகாப்பு முடிந்து தஞ்சைக்கோ நெல்லைக்கோ செல்வாள். அவளது குருதியளவும் குருதி அழுத்தமும் அம்பத்தூர் ஏட்டிலேயே தங்கிவிடும். பேறு பார்க்கும் மருத்துவர் அவளைப் புதியவளாகவே காண்பார். தமிழக அரசு 2008இற் கொணர்ந்த கணினிப் பதிவு முறை இக்குறையைப் போக்க முயன்றது. இன்று ஒவ்வொரு தாய்க்கும் பன்னிரண்டு இலக்க எண் உண்டு. அவ்வெண் அவளோடு தாய்வீடு செல்லும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் 2017 முதல் அதுவே வேண்டப்படுகிறது. முத்துலட்சுமி அம்மையார் பெயரால் 1987இல் தொடங்கிய மகப்பேற்று நிதியுதவி 2006இல் ரூ. 6,000, 2011இல் ரூ. 12,000, 2018இல் ரூ. 18,000 என உயர்ந்தது. பன்னிரண்டு வாரத்திற்குள் பதிதல் அவ்வுதவி பெறுதற்குரிய நெறிகளுள் ஒன்று.

ஏட்டில் இடம்பெறாதிருந்த கணவனும் இக்காலத்தில் அதனுட் புகுந்தான். ஆர்.எச். என்னும் குருதிக் கூறு 1940இற் கண்டறியப்பட்டது. அக்கூறு தாயிடம் இல்லையாயின் கணவனின் குருதி வகையையும் அறிதல் வேண்டும். நினைவு தெரிந்த நாள் முதல் வாயிற்புறத்தே காத்து நின்றவன், இவ்வாறு பதிவேட்டில் ஒரு வரியானான்.

மறைத்தலும் பதிதலும்

இவ்வளவால், மூன்று திங்கள் மறைத்தலை வெறும் அறியாமை எனத் தள்ளுதல் தகுமா? தகாது. அறியப்பட்ட கருக்களுள் பத்தில் ஒன்று அல்லது அதனினும் மிகுதியானவை கலைகின்றன. அவற்றுட் பெரும்பாலன முதன் மூன்று திங்களிலேயே கலைவன. உற்றார் அனைவர்க்கும் அறிவித்த பின் கரு கலையின், அவ்விழப்பின் மீது ஊராரின் வினாவும், பல வேளை பழியும், இளம் மகள் மீதே விழும். அவளைக் காப்பதற்கு எழுந்த வேலி அது எனல் பொருந்தும். கருவின் பால் அறிந்து கூறுதலைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டமும், மீயொலிக் கருவி காட்டும் அனைத்தும் ஊர்ச்செய்தி ஆகற்பாலன அல்ல என்னும் கொள்கையால் ஒருவகையில் இதனோடு ஒக்கும்.

எனவே, ஊரார்க்கு மறைத்தலும் செவிலியிடம் பதிதலும் ஒன்றற்கொன்று மாறானவை அல்ல. பழைய வீட்டில் தாயும் மூதாட்டியும் மட்டும் அறிந்திருந்த செய்தியை, இன்று கணவனும் செவிலியும் அறிகின்றனர். அறிவோர் வட்டம் குறுகியதாகவே இருத்தல் கூடும். அறியும் நாள் மட்டும் முந்துதல் வேண்டும். பதிவேடு அவ்வட்டத்தின் மறைவைக் காக்குங்கால் மக்கள் அதனை நம்புவர். காவாதாயின் பன்னிரண்டாம் வாரத்திற்கு முன் எவரும் வாரார்.

முடிவுரை

‘முழுகாமல் இருத்தல்’, ‘நாள் தள்ளுதல்’, ‘மசக்கை’ போன்ற வழக்குகளை ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளிற் குடியேறிய பல வட்டார மூதாட்டியரிடமிருந்து தொகுத்தல் முதுகலை மாணவர்க்கு ஏற்ற பணியாகும். செவிலியின் படிவம் வினவும் முதல் வினா, இறுதி விலக்கு எந்நாள் என்பதே. அவ்வினாவைத் தமிழ்ப் பெண்டிர் தமக்குரிய சொல்லால் நெடுங்காலமாக விடுத்து வந்தனர் என்பதற்கு அத்தொகுப்பு சான்றாகும்.